பேரனின் கம்ப்யூட்டருக்கு எத்தனை கோர் வேண்டும்?

பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

என் பேரன் பிளஸ் ஒன் முடித்துவிட்டான். கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான். போன மாதம் ஒரு ஃபிக்ஸட் டெபாசிட் முதிர்ந்தது. அதில் ஐம்பதாயிரத்தை இதற்கென்று எடுத்து வைத்தேன். மீதியை மாப்பிள்ளை போடுகிறார். "அப்பா, நீங்களே அவனைக் கெடுக்கறீங்க" என்று மகளுக்கு என்மேல் கோபம். அந்த வழக்கு தனியாக நடந்துகொண்டிருக்கிறது.

பேரன் எழுதிக்கொண்டு வந்த பட்டியலின் முதல் வரியே 16 கோர் பிராசஸர். மொத்தப் பணத்தில் பாதிக்கு நெருக்கமாக அந்த ஒரு சிப்புக்கே போகிறது. கிராபிக்ஸ் கார்டுக்கு மிஞ்சுவது சொற்பம். "16 கோர் போட்டுட்டா பத்து வருஷத்துக்குக் கவலையே இல்ல தாத்தா" என்றான். ரிச்சி தெருவில் நாங்கள் விசாரித்த கடைக்காரரும் பலமாகத் தலையாட்டினார். பெரிய எண்ணைக் கேட்டால் எந்தக் கடைக்காரர்தான் தலையாட்ட மாட்டார்?

அன்று எதுவும் வாங்காமல் வீடு திரும்பினோம். பையன் ரயிலில் பேசவே இல்லை. ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். உங்களில் மூன்று நான்கு பேரைப் போனில் தொந்தரவும் செய்தேன். என் முடிவு இதுதான்: வீட்டில் கேம் ஆட நல்ல 6 கோர் போதும். கையில் தாராளமாக இருந்தால் 8. அதற்கு மேல் கொடுக்கிற காசு பெரும்பாலும் கேமுக்குப் போய்ச் சேராது.

இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. ஏனென்றால் இதற்கு நேர் எதிரானதைத்தான் 34 வருடம் வகுப்பில் நடத்தினேன். "8 ஆட்கள் ஒரு கிணற்றை 12 நாட்களில் வெட்டினால், 16 ஆட்கள் எத்தனை நாட்களில் வெட்டுவர்?" எதிர் மாறல். ஆள் இரண்டு மடங்கானால் நாள் பாதி. விடை 6. உங்களில் பாதிப் பேருக்கு இது இன்னும் தூக்கத்தில்கூட வரும்.

1993-ஆம் வருடம் என்று நினைவு. எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "சார், அப்ப 96 பேர் வந்தா ஒரே நாள்ல முடிச்சிடுவாங்களா? கெணத்துக்குள்ள 96 பேரும் எங்க சார் நிப்பாங்க?" வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கேட்ட கேள்விக்கு மட்டும் விடை எழுது" என்று சொல்லி, மணி அடிக்கும் வரை அவனை பெஞ்சு மேல் நிற்க வைத்தேன்.

ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஜீன் ஆம்டால் 1967-இல் கணினி வல்லுநர்கள் கூடிய ஒரு மாநாட்டில் முன்வைத்த வாதம் ஏறக்குறைய அந்தப் பையன் கேட்டதுதான். ஒரு வேலையில் பங்கு போட முடியாத பகுதி எவ்வளவு இருக்கிறதோ, அதுவே கடைசியில் வேகத்தைத் தீர்மானிக்கும். ஆம்டால் விதி என்றே அதற்குப் பெயர்.

கரும்பலகை இல்லையே என்றிருக்கிறது. சரி, இங்கேயே போட்டுப் பார்ப்போம். 100 நிமிட வேலை ஒன்று இருக்கிறது என்று கொள்வோம். அதில் 60 நிமிட வேலையைப் பங்கு போடலாம், 40 நிமிட வேலையை ஒருவரே வரிசையாகச் செய்தாக வேண்டும். இரண்டு பேர் என்றால் 40-உம் 30-உம் சேர்ந்து 70 நிமிடம். நல்ல லாபம். நான்கு பேர் என்றால் 55. ஆறு பேர் என்றால் 50. எட்டுப் பேருக்கு 47.5. பதினாறு பேரைக் கொண்டுவந்து இறக்கினாலும் 43.75 நிமிடம். ஆறு பேர் செய்ததைவிட ஆறேகால் நிமிடம் மிச்சம், அதற்குப் பத்துப் பேர் கூலி அதிகம். ஊரையே கூட்டி வந்தாலும் 40-க்குக் கீழே இறங்காது.

கேம் இந்த வகை வேலை. திரையில் விநாடிக்கு 60 படம் ஓட வேண்டுமானால் ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி விநாடி. 144 படம் என்றால் 7 மில்லி விநாடிகூட இல்லை. அந்த நேரத்துக்குள் பையன் எந்தப் பொத்தானை அழுத்தினான் என்று பார்த்து, ஆளை நகர்த்தி, சுவரில் மோதினானா, குண்டு பட்டதா என்று கணக்கிட்டு, பிறகு கிராபிக்ஸ் கார்டுக்கு "இதை வரை" என்று உத்தரவு அனுப்ப வேண்டும். ஆள் எங்கே நிற்கிறான் என்று தெரியாமல் குண்டு பட்டதா என்று சொல்ல முடியாது. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும். ஒலி, புகை, தூரத்தில் நடமாடும் கூட்டம் போன்றவற்றை மற்ற கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அதற்கு ஆறு தாராளம்.

ஆள் எண்ணிக்கையைவிட, இருக்கிற ஆளுக்குச் சாமான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பது முக்கியம். கல்யாணச் சமையலில் உப்புக்கும் புளிக்கும் ஒவ்வொரு முறையும் உக்கிராணத்துக்கு ஓடினால் பந்தி தாமதமாகும். பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்ற சிறு நினைவகம் அடுப்பருகே வைத்த அஞ்சறைப்பெட்டி மாதிரி. 2023-இல் வந்த ரைசன் 7 7800எக்ஸ்3டி சிப்பில் 8 கோர்தான், ஆனால் எல்3 கேஷ் 96 எம்பி. அதே தலைமுறையின் 7950எக்ஸ் சிப்பில் 16 கோர், கேஷ் 64 எம்பி. பெரும்பாலான கேம்களில் 8 கோர் சிப்தான் முந்துகிறது. இதைக் காட்டிய பிறகுதான் பேரன் என் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டான்.

அதற்காக நான்கு கோர் போதும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். 2017 வரை இன்டெலின் வழக்கமான டெஸ்க்டாப் வரிசையில் ஐ7 கூட 4 கோர்தான், அது போதுமானதாகவும் இருந்தது. 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் 8 கோர். அதில் ஒரு பகுதி அந்தப் பெட்டியின் சொந்த வேலைக்குப் போகும். பெரிய கேம்களை எழுதுகிறவர்கள் இந்தப் பெட்டிகளை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறார்கள். இன்று புதிதாக 4 கோர் வாங்கினால் சில கேம்கள் நடுநடுவே திக்கித் திக்கி நிற்கும்.

கடையில் எண்ணைக் கேட்கும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 6 கோர் 12 திரெட் என்பதை "12" என்று மட்டும் சொல்வார்கள். ஆள் ஆறு பேர்தான். சாமானுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவரவரே இன்னொரு வேலையையும் பார்த்துக்கொள்கிறார்கள். இன்டெல் ஐ5 14600கே சிப்பில் 14 கோர் என்றால் 6 பெரியவை, 8 சிறியவை. கோர் என்று எதைச் சொல்வது என்பதே அமெரிக்காவில் வழக்காகியிருக்கிறது. 2011-இல் வந்த ஏஎம்டி எஃப்எக்ஸ் சிப்களை 8 கோர் என்று விற்றார்கள். இரண்டிரண்டு கோர்கள் சில உறுப்புகளைப் பகிர்ந்துகொள்கின்றன, அவற்றை எப்படி எட்டு என்று எண்ணலாம் என்று வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். 2019-இல் 1 கோடியே 21 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று.

பெங்களூரில் இருக்கும் நம் மாணவர் ஒருவர் போனிலேயே சண்டைக்கு வந்தார். "சார், நான் 16 கோர் வெச்சிருக்கேன், எல்லாமே வேலை செய்யுது." செய்யும் தம்பி. உன் வேலை ஆயிரக்கணக்கான நிரல் கோப்புகளைத் தனித்தனியாகத் தொகுப்பது. அது ஊர் முழுக்கப் பதினாறு கிணறு வெட்டுவது மாதிரி, ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் இறங்கலாம். வீடியோ எடிட்டிங், அனிமேஷன் செய்கிறவர்களுக்கும் அப்படித்தான். என் பேரன் வெட்டுவது ஒரே கிணறு.

பத்து வருடக் கதைக்கு வருகிறேன். இன்றே பத்து வருடத்துக்குச் சேர்த்து வாங்குவதைவிட, பிறகு மாற்ற இடம் வைத்து வாங்குவது நல்லது. ஏஎம்4 வகை மதர்போர்டை 2017-இல் வாங்கியவர்கள் பலர், 2022-இல் வந்த சிப்பை அதே போர்டில் மாட்டிக்கொண்டார்கள். அதற்கு அடுத்த ஏஎம்5 வகைப் போர்டு எடுத்திருக்கிறோம். அவன் கல்லூரி முடித்துச் சம்பாதிக்கும்போது தேவைப்பட்டால் சிப்பை மட்டும் மாற்றிக்கொள்ளட்டும்.

போன சனிக்கிழமை வாங்கிவிட்டோம். ரைசன் 5 7600, 6 கோர். மிஞ்சிய பணத்தில் கிராபிக்ஸ் கார்டு இரண்டு படி மேலே போனது. தரமான எஸ்.எம்.பி.எஸ் ஒன்று, யு.பி.எஸ் ஒன்று. எங்கள் தெருவில் கரண்ட் போகும் அழகு உறவினர்களுக்குத் தெரியும். சிப்பின் டிடிபி அளவு 65 வாட். அவன் முதலில் கேட்டதற்கு 170. மே மாதத்தில் அந்த அறையில் உட்கார்ந்து பாருங்கள், வித்தியாசம் முதுகில் தெரியும். அசெம்பிள் செய்ததும் பேரனே. நான் டார்ச் பிடித்தேன். மகள் காபி கொண்டுவந்து வைத்தாள், பேசவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள்.

1993 எட்டாம் வகுப்பு மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் ஓர் உதவி. கிணற்றைப் பற்றிக் கேட்டவன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டான் என்று கேள்வி. அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் எனக்கு மெசஞ்சரில் சொல்லுங்கள். நான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.