விண்முகில் ஏன் உடனே விண்மீனாவதில்லை?

பள்ளிப் புதிர்ப்போட்டிகளில் இரண்டு கேள்விகள் அடிக்கடி தலைகாட்டும். விண்மீன்கள் பிறக்கும் இடம் எது? சந்திரசேகர் நோபல் பரிசு பெற்ற ஆண்டு எது? விடைகள்: நெபுலா, 1983. மதிப்பெண் விழுந்ததும் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். இந்த இரண்டு விடைகளுக்கும் இடையே ஒரு தொடர்பு இருக்கிறது. அதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் நெபுலாவை, தமிழில் சொன்னால் விண்முகிலை, நேரிலேயே பார்க்கலாம். பிப்ரவரி நடுவில், மேகம் இல்லாத ஓர் இரவு, ஒன்பது மணி வாக்கில் அண்ணாந்து பாருங்கள். ஏறக்குறைய உச்சியில் மூன்று விண்மீன்கள் ஒரே கோட்டில் நிற்கும். மலாய்ப் பாடநூல் பெலாந்திக் என்று சொல்லும் ஓரியனின் இடைவார் அது. அதன் தெற்கே வாள் போலச் சிறிய வரிசை ஒன்று தொங்கும். அந்த வரிசையின் நடுவில் இருப்பது மட்டும் புள்ளியாகத் தெரியாது. கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் மங்கலாக இருக்கும். அதுதான் ஓரியன் நெபுலா. தொலைவு ஏறக்குறைய 1,300 ஒளியாண்டு. அகலம் 20 ஒளியாண்டுக்கு மேல்.

பால்மரம் வெட்டிய நம் பாட்டிமார் ஆகஸ்டு மாத இறுதியில், விடியுமுன் பெரட்டுக்குப் போகும்போது, கிழக்கு வானில் இதே கூட்டம் நின்றிருக்கும். இடைவாருக்கு வடக்கே சிவப்பாக மின்னும் திருவாதிரையை அவர்கள் மார்கழித் திருநாளின் பெயராகவே அறிந்திருந்தார்கள். அந்தத் திருவாதிரை சுமார் 10 மில்லியன் ஆண்டிலேயே முதுமை அடைந்துவிட்ட பெருவிண்மீன். நெபுலாவுக்குள் இருக்கும் விண்மீன்களில் பெரும்பாலானவை பிறந்து ஒன்று முதல் மூன்று மில்லியன் ஆண்டுதான் ஆகிறது. நமது சூரியனுக்கு வயது 4,600 மில்லியன். கிழவரும் கைக்குழந்தைகளும் ஒரே வாசலில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது அந்த வானம்.

படங்களில் பளபளப்பாகத் தெரியும் பகுதியில்தான் விண்மீன் பிறக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அங்குள்ள வாயு ஏறக்குறைய 10,000 டிகிரி சூட்டில் இருக்கிறது. ஏற்கெனவே பிறந்துவிட்ட சில பெரிய விண்மீன்களின் புற ஊதாக் கதிர்தான் அதை ஒளிரச் செய்கிறது. அவ்வளவு சூடான வாயுவைச் சுருக்குவது கடினம். பிறப்பு நடப்பது அதற்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இருண்ட முகிலில். அங்கே வெப்பநிலை 10 முதல் 20 கெல்வின் வரைதான். அதாவது சுழியத்துக்குக் கீழே 250 டிகிரிக்கும் மேல். குளிர்தான் விண்மீனின் தொட்டில்.

1902-இல் ஜேம்ஸ் ஜீன்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் இதைக் கணக்காக எழுதினார். முகிலின் எடை அதை உள்நோக்கி இழுக்கிறது. வாயுவின் அழுத்தம் வெளியே தள்ளுகிறது. ஒரு குறிப்பிட்ட எடையைத் தாண்டினால் ஈர்ப்பு வென்றுவிடும். வெப்பநிலை இரண்டு மடங்கானால் அந்த எல்லை ஏறக்குறைய 2.8 மடங்கு உயரும். அடர்த்தி நூறு மடங்கானால் எல்லை பத்தில் ஒன்றாகக் குறையும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முகில் சுருங்கும்போது உண்டாகும் சூட்டை கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளும் தூசும் கதிராக வெளியே அனுப்பிவிடுகின்றன. அடர்த்தி ஏறுகிறது, சூடு ஏறவில்லை, எல்லை இறங்கிக்கொண்டே போகிறது. அதனால் பெரிய முகில் துண்டு துண்டாக உடைந்து ஒவ்வொரு துண்டும் தனியே சுருங்குகிறது. விண்மீன்கள் தனித்தனியாக அல்லாமல் கூட்டமாகப் பிறப்பதற்கு இதுவே முதற்காரணம். பிறகு மையம் தடித்துக் கதிர் வெளியேற முடியாத நிலை வரும். அப்போதுதான் சூடு ஏறத் தொடங்கும். சுமார் 10 மில்லியன் டிகிரியில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணையத் தொடங்கும். சூரியனைப் போன்ற ஒன்று நிலையான விண்மீனாக அமைய ஏறக்குறைய 50 மில்லியன் ஆண்டு பிடிக்கும்.

ஈர்ப்பும் வெப்பமும் படிவம் 4 இயற்பியலில் அடுத்தடுத்து வரும் பாடங்கள். இரண்டும் ஒன்றோடொன்று மோதும் இடம் விண்முகில் என்று சொல்லிக் கொடுத்திருந்தால் எத்தனை பேர் அந்தப் புத்தகத்தை வேறு கண்ணோடு பார்த்திருப்பார்கள்!

இதோடு கதை முடியவில்லை. நமது பால்வீதியில் இருக்கும் குளிர்ந்த முகில்கள் எல்லாம் ஈர்ப்புக்கு மட்டும் கட்டுப்பட்டுச் சுருங்கினால், ஆண்டுக்கு நூறு சூரியன்களுக்கு மேற்பட்ட எடையில் விண்மீன்கள் பிறக்க வேண்டும். உண்மையில் பிறப்பது ஏறக்குறைய இரண்டு சூரியன்களின் எடை அளவுதான். எதுவோ தடுக்கிறது. முகிலுக்குள் ஓயாமல் சுழலும் கொந்தளிப்பு ஒரு தடை. காந்தப் புலம் இன்னொன்று.

இங்கேதான் சந்திரசேகர் வருகிறார். லாகூரில் 1910-இல் பிறந்தவர், சென்னையில் படித்தவர். தாயார் சீதாலட்சுமி, இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழாக்கியவர். சந்திரசேகர் என்றால் வெள்ளைக் குறுமீனின் எடை வரம்பு மட்டும்தான் நமக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் 1953-இல் அவரும் என்ரிக்கோ ஃபெர்மியும் சிக்காகோவில் சேர்ந்து இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்கள். காந்தப் புலம் இருக்கும்போது ஈர்ப்பு எப்படி நடந்துகொள்ளும் என்பது ஒன்று. எவரும் போய் அளக்க முடியாத தொலைவில் உள்ள காந்தப் புலத்தின் வலிமையைக் கண்டுபிடிக்கும் வழி மற்றொன்று.

அந்த வழியை லயத்து வாசலில் கட்டியிருக்கும் கொடிக்கயிற்றை வைத்தே விளக்கலாம். இழுத்துக் கட்டிய கயிறு காற்றடித்தாலும் அதிகம் ஆடாது. தொய்வான கயிறு அலையலையாக ஆடும். காற்றின் வேகம் தெரிந்து, கயிறு எவ்வளவு ஆடுகிறது என்றும் தெரிந்தால், அது எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிடலாம். முகிலில் காற்றுக்குப் பதில் கொந்தளிப்பு, கயிற்றுக்குப் பதில் காந்தக் கோடுகள். அவை எவ்வளவு நெளிந்திருக்கின்றன என்பதை ஒளியின் அதிர்வுத் திசை காட்டிக் கொடுக்கிறது. ஹவாய் தீவின் மவுனா கியா மலையில் உள்ள ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் தொலைநோக்கியைக் கொண்டு, இதே முறையில், ஓரியன் நெபுலாவுக்குப் பின்னால் உள்ள முகிலின் காந்தப் புலத்தைக் கணக்கிட்டு 2017-இல் வெளியிட்டார்கள். நம் தலைக்கு மேலே தெரியும் அதே இடம்!

ஆண்டைக் கேட்கும் புதிர்ப்போட்டி இதையெல்லாம் கேட்காது. "தமிழர் ஒருவர் நோபல் வாங்கினார்" என்று கைதட்டிவிட்டு, படிவம் 4-இல் "இயற்பியல் கஷ்டம், வேண்டாம்" என்று தம்பி தங்கைகளுக்கு நாமே சொல்கிறோம். இது எனக்கு ஒவ்வாத பெருமை.

இன்னொன்றும் நம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. லாபு, நீலாய் பக்கம் தோட்டங்கள் இருந்த இடங்களில் புதுநகரங்கள் எழுந்துவிட்டன. வீடும் வேலையும் வேண்டும்தான். தோட்டத்து வறுமையை யாரும் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் மேல்நோக்கி வீணாகும் விளக்கொளி எவருக்கும் பயன்படுவதில்லை. தெருவிளக்குக்கு மேல்மூடி போட்டால் வெளிச்சம் சாலையில் விழும், வானம் இருட்டாகவே இருக்கும். பகாவ், ஜெம்போல் பக்கத் தோட்டங்களில் வானம் இன்னும் ஓரளவு இருட்டாக இருக்கிறது. அந்த இருட்டு ஓர் ஆய்வுக்கூடம், கட்டணம் இல்லை.

தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் ஆண்டுக்கு ஓர் இரவை இதற்கு ஒதுக்கலாம். தொலைநோக்கி இல்லாவிட்டாலும் சாதாரண இருகண் நோக்கி போதும். செம்பனைக்குள் போக வேண்டாம், பாம்பு இருக்கும். பள்ளித் திடல் நல்லது. திடல் விளக்கை அணையுங்கள், கைப்பேசியைப் பையில் வையுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் ஆகும். நெபுலாவை நேராக உற்றுப் பார்க்காமல் சற்று ஓரக்கண்ணால் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். பிறகு ஓரியனில் எத்தனை விண்மீன் தெரிகிறது என்று எண்ணி, தேதியோடு எழுதி வையுங்கள். 'குளோப் அட் நைட்' என்ற உலகளாவிய திட்டம் இப்படிப்பட்ட பதிவுகளைப் பொதுமக்களிடமிருந்து பெற்றுக்கொள்கிறது. அடுத்த ஆண்டு அதே திடலில் அதே மாதத்தில் மறுபடி எண்ணுங்கள்.