விலை வைக்கிறது நானா?

"இத்தனை வருசம் விவசாயம் பாத்து என்னத்த சாதிச்ச?" ஊருக்கு வர்ற சொந்தக்காரங்க தவறாம கேக்குற கேள்வி. அவங்க மனசுல இருக்கிறது மாடி வீடு, கார், பேங்க் இருப்பு.

அதுதான் வெற்றின்னா, 2018 நவம்பர் 16 விடிஞ்சப்ப எங்க கந்தர்வக்கோட்டைப் பக்கம் எத்தனை பேரு ஜெயிச்சவங்களா இருந்திருப்பாங்க? தென்னை, பலா, முந்திரின்னு இருபது முப்பது வருசம் வளர்த்த மரங்களைக் கஜா புயல் ஒரே ராத்திரியில வேரோட சாய்ச்சிருச்சு. முதல்நாள் வரைக்கும் 'நல்லா இருக்கான்'னு பேர் வாங்கினவன், மறுநாள் தோத்தவனா?

இல்லைங்க. கரண்ட் இல்லாத நாள்ல தெருவே காசு போட்டு ஜெனரேட்டர் பிடிச்சுத் தண்ணி ஏத்துனோம். விழுந்த மரத்தை அறுத்து ஒதுக்கிட்டு, பக்கத்துலயே கன்னு வச்சோம். தென்னை காய்க்க அஞ்சாறு வருசம் ஆகும். அம்பது வயசுல தென்னங்கன்னு வைக்கிறவனை உங்க எந்தக் கணக்குல சேர்ப்பீங்க?

என் கணக்கு வேற. கடலை பறிக்க வந்தவங்களுக்கு அன்னைக்கே கூலி கொடுத்துரணும். கடன்காரன் நெனப்பு இல்லாம தூங்கணும். ஊர்ல ஒரு சாவுன்னா வேலையைப் போட்டுட்டு ஓடணும். என் வீட்டுக்கும் நாலு பேரு ஓடி வரணும்.

உடனே 'கிராமத்து நிம்மதி'ன்னு புகழ ஆரம்பிச்சுராதீங்க. எனக்கும் பணம் வேணும். கடலைக்குக் கட்டுபடியாகுற விலை வேணும். ஆனா விலை வைக்கிறது யாரோ. அவங்க வச்ச விலையை வச்சு, என் வாழ்க்கைக்கு மார்க் போடாதீங்க.