மேடைக்கு வட்டியா?

தோழர்களே! தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் குடியிருக்கிறோம். மகள் கல்யாணத்துக்கு மட்டும் நாற்பதடி மேடை கேட்கிறோம்! ஐந்து மணி நேரம் நிற்கும் துணிக்கும் மினுக்கு விளக்குக்கும் வட்டிக்குக் கடன் வாங்குகிறோம். பந்தி முடிவதற்குள் பந்தல்காரர் பிளாஸ்டிக் பூவை மூட்டை கட்டி அடுத்த மண்டபத்துக்கு ஏற்றுகிறார். அதே பூ, அங்கே இன்னொரு தகப்பனுக்குக் கடன்! நமக்கு மிஞ்சுவது ஓவர்டைம்தான்.

வேறு வழியில்லையா? முதல்நாள் விடியுமுன் நான்கு பேர் தாதர் பூச்சந்தைக்குப் போனால் செண்டுப்பூவைக் கிலோக் கணக்கில் வாங்கலாம். அன்று மாலை தெருவே உட்கார்ந்து கட்டட்டும். (பெண்கள் தலையில் மட்டும் கட்டிவிடாதீர்கள், பையன்களுக்கும் விரல் இருக்கிறது.) வாசலில் இரண்டு வாழை, மாவிலைத் தோரணம், மணமக்கள் பின்னே அம்மாவின் பட்டுச்சேலை. பெயர் எழுத வண்ணத்தாள் போதும். அலங்காரத் தெர்மாகோலை மராட்டிய அரசு 2018-லேயே தடை செய்துவிட்டது.

ஊருக்குப் போய் மணம் முடிப்போரும் கேளுங்கள். 1967-இல் அண்ணா ஆட்சியில் நிறைவேறிய சுயமரியாதைத் திருமணச் சட்டப்படி, தமிழ்நாட்டில் உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலே திருமணம் செல்லும். சட்டம் மேடை கேட்கவில்லை. கேட்பவர் சம்பந்தி!

அவரிடம் யார் பேசுவது? பெண்ணைப் பெற்றவரைத் தனியே அனுப்பாதீர்கள். தட்டு மாற்றும் முன்பே சொல்லியனுப்புங்கள்; சங்கத்தார் நாங்கள் கூட வருகிறோம்.