மூன்று நாள், நான்கு பெண்கள், ஒரு பாட்டு

'லிண்டா லிண்டா லிண்டா'. பேரே பாட்டு மாதிரி இருக்கிறது இல்லையா? 2005-ல் வந்த ஜப்பானியப் படம். இயக்கியவர் நோபுஹிரோ யமாஷிதா.

கதை ரொம்பச் சின்னது. பள்ளி விழாவுக்கு இன்னும் மூன்று நாள்தான். மேடையேற வேண்டிய பெண்கள் இசைக்குழுவில் கிட்டார் வாசிப்பவளுக்கு விரலில் அடி. பாடுகிறவள் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டாள். மிச்சம் மூன்று பேர். கீபோர்டு வாசித்த கெய் கிட்டாரைக் கையில் எடுக்கிறாள். பாட யார்? அந்த வழியாக வரும் பெண்ணைக் கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். வருகிறாள் சோன். கொரியாவிலிருந்து படிக்க வந்தவள். கேட்டது பாதி புரியாமலே "சரி, சரி" என்று தலையாட்டிவிடுகிறாள்!

அவர்கள் எடுத்துக்கொண்டது 'தி ப்ளூ ஹார்ட்ஸ்' என்ற ஜப்பான் பங்க் குழுவின் 1987-ம் வருடப் பாட்டு. படத்தின் தலைப்பும் அதிலிருந்து வந்ததுதான்.

சோனாக நடித்திருப்பவர் கொரிய நடிகை பே டூனா. தனியாக கரோக்கி கடைக்குப் போய்ப் பாடிப் பழகும் காட்சியில் சிரிக்காமல் இருக்க முடியாது. ஒரு பையன் கஷ்டப்பட்டு கொரிய மொழி கற்றுக்கொண்டு வந்து காதலைச் சொல்ல, இவள் மறுக்கும் விதமும் அப்படித்தான். பாஸ் கிட்டார் வாசிக்கும் ஷியோரி செகினே நிஜத்திலும் இசைக்குழுவில் இருப்பவர்.

வில்லன் இல்லை, போட்டி இல்லை, பரிசுக் கோப்பை இல்லை. நம் ஊர் டி.வி. பாட்டுப் போட்டிகளைப் போல நடுவர் கண்ணைத் துடைத்துக்கொள்வதும் இல்லை. முதல் அரை மணி நேரம் மெதுவாகத்தான் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இந்தப் படம் ஒட்டிக்கொண்டதற்கு ஊரும் ஒரு காரணம். எங்கள் சீயமங்கலம் தொடங்கி வந்தவாசி, செய்யாறு வரைக்கும் கூத்துக்குப் பேர்போன பக்கம். புரிசை கண்ணப்பத் தம்பிரான் இந்த வட்டாரத்துக்காரர். கூத்தில் பையன்கள் அப்பாவோடு, மாமாவோடு போய் ஓரமாக உட்கார்ந்து தாளம் போட்டே தொழிலுக்குள் வந்துவிடுவார்கள். பெண் வேடத்தையே ஆண்கள் கட்டி வந்த கலை. பெண் பிள்ளைகளுக்கு அந்த ஓரம்கூட லேசில் கிடைத்ததில்லை. அவர்களுக்கென்று இருப்பது பள்ளி ஆண்டு விழா. அதிலும் பென்டிரைவ் பாட்டுக்கு ஆடிவிட்டு இறங்க வேண்டியதுதான். பிளஸ் டூ வந்துவிட்டால் அதுவும் போச்சு, "பப்ளிக் எக்ஸாம் இருக்குடி!"

படத்துப் பெண்களுக்கும் அதுதான் பள்ளியில் கடைசி விழா. ஆனால் ராத்திரி பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து பழகுகிறார்கள். தப்பாக வாசிக்கிறார்கள், மறுபடி வாசிக்கிறார்கள், சோர்ந்து தூங்கிவிடுகிறார்கள். வாத்தியார் விரட்டவில்லை, வீட்டில் யாரும் திட்டவில்லை. சும்மா விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். எனக்குப் பொறாமையாக இருந்தது அதைப் பார்த்துத்தான்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் நான்கு சிறுமிகள் சேர்ந்து இசைக்குழு ஆரம்பித்தபோது, இந்தப் படத்தைப் பார்த்து 'தி லிண்டா லிண்டாஸ்' என்றே பேர் வைத்துக்கொண்டார்கள். 2021-ல் ஒரு பொது நூலகத்தில் அவர்கள் பாடிய வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது.

விழாவுக்கு முந்தைய ராத்திரி, ஆளே இல்லாத மேடையில் சோன் தனியாக ஏறி நின்று, தோழிகளை ஒவ்வொருவராகக் கொரிய மொழியில் அறிமுகப்படுத்துவாள். அந்தக் காட்சியை மட்டும் இரண்டு தடவை பார்த்தேன். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பாருங்கள். வீட்டில் பத்தாவது, பிளஸ் டூ படிக்கிற பெண் இருந்தால் ஒரு காது அவளுக்கு.