அப்பளம் நமுக்கும் மாதத்தில் அறைக்குள்ளே ஈரம்

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் தீக்குச்சி உரசினால் பற்றாது. அப்பளம் நமுத்துப் போகும். மடித்து வைத்த பட்டுப் புடவையில் பூசண வாசனை வரும். இதெல்லாம் பழகிப் போன சங்கதி. இதே ஈரம் படுக்கையறையில் என்ன செய்கிறது என்று மட்டும் நாம் யோசிப்பதில்லை.

திருவையாற்றுப் பக்கத்துச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார்: "அக்கா, இவருக்குத் தூக்கத்திலே மூச்சு நின்னு நின்னு வருதுன்னு டாக்டர் மிஷின் வச்சுக்கச் சொன்னார். ரெண்டு மாசம் நிம்மதியாத் தூங்கினார். மழை ஆரம்பிச்சதும் முகமூடிக்குள்ளே தண்ணி சொட்டுது, மூக்கும் அடைச்சுக்குது. கழற்றிப் போட்டுட்டார். மறுபடி குறட்டை. நான் அவர் மூச்சை எண்ணிக்கிட்டே விடிய விடிய முழிச்சிருக்கேன். விடிஞ்சா பிள்ளைக்கு அடுக்குத் தும்மல்."

இரண்டு தொல்லைக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான், சகோதரி.

முதலில் மிஷினைப் பார்ப்போம். 'சிபாப்' என்கிற இதை ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து டாக்டர் காலின் சல்லிவன் 1981-ல் உலகுக்குச் சொன்னார். காற்றை மெல்ல அழுத்தி அனுப்பித் தொண்டை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். அந்தக் காற்று மூக்கை உலர்த்திவிடக்கூடாதே என்று சின்னத் தொட்டியில் தண்ணீர் வைத்துச் சூடாக்குகிறார்கள். வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த குழாய் வழியே போனால், இட்லிப் பானை மூடியில் நீர் கோர்ப்பது போலக் குழாயிலும் கோர்க்கும். சொட்டுவது அதுதான்.

கோடையில் வைத்த ஈர அளவை மழைக்காலத்திலும் அப்படியே விட்டிருப்பீர்கள். ஒவ்வொரு படியாகக் குறைத்துப் பாருங்கள். அடியோடு நிறுத்த வேண்டாம். மூக்கு வறண்டாலும் அடைத்துக்கொள்ளும். குழாய்க்குப் பழைய பருத்தித் துணியில் உறை தைத்துப் போடுங்கள். மிஷின் தலைமாட்டுக்குத் தாழ்வாக இருக்கட்டும். ஏ.சி. இருந்தால் 25, 26-க்குக் கீழே போக வேண்டாம். காற்றின் அழுத்தத்தை மட்டும் டாக்டரைக் கேட்காமல் மாற்றக் கூடாது.

தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர்தான். போர் தண்ணீர் உப்புப் படியும். மிச்சத் தண்ணீரைக் காலையில் கொட்டி, சோப்பு நீரில் அலசி உலர்த்துங்கள். "நேத்து ஊத்தினதுதானே" என்று அதன்மேலேயே ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்!

இனி அறை. கொள்முதல் நிலையத்தில் நெல்லில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் முகம் சுளிக்கிறார்கள். நம் அறைக் காற்றின் ஈரத்தையோ யாரும் அளப்பதில்லை. அது வேறு கணக்கு. காற்றில் 40-லிருந்து 50 சதவீதம் வரை இருந்தால் நல்லது. 60-ஐத் தாண்டினால் சுவரில் பூஞ்சைக் காளானுக்குக் கொண்டாட்டம். தலையணையில் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிக்கும் அப்படித்தான். அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உறிஞ்சியே உயிர் வாழ்கிறது. பிள்ளையின் தும்மலுக்கு அதன் கழிவு காரணமாக இருக்கலாம். ஈரம் காட்டும் சின்னக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அடைமழையில் நமக்கு 50 எட்டாக்கனிதான். 60-ஐ ஒட்டி நிறுத்தினாலே பெரிய காரியம்.

குளிர்நாட்டுக்காரர்கள் அறையைச் சூடாக்குவதால் காற்று வறண்டு, ஈரப்பதம் கூட்டும் மிஷின் வாங்குகிறார்கள். விளம்பரம் பார்த்து நாமும் அதை வாங்கினால் ஆற்றங்கரையில் கிணறு வெட்டிய கதைதான்.

நம் வீட்டு எதிரி கொடித்துணி. மழை என்று படுக்கையறையில் கொடி கட்டி, மின்விசிறியையும் சுழல விட்டுவிடுகிறோம். ஒரு வாளித் துணியின் ஈரம் முழுவதும் அந்தக் காற்றில்தான் போய்ச் சேர்கிறது. தாழ்வாரத்திலோ கூடத்திலோ போடுங்கள். குறுவை நெல் மூட்டையும் அந்த அறையில் வேண்டாம். ஈரம் போதாதென்று தூசியும் சேரும். விடிகாலையில்தான் காற்றில் ஈரம் அதிகம். மழை விட்ட நாளில் பதினொரு மணிக்குமேல் ஜன்னலைத் திறந்து, சாயங்காலம் மூடுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள்.

தலையணை உறை, போர்வைகளை வாரம் ஒருமுறை கை பொறுக்காத வெந்நீரில், 60 டிகிரி சூட்டில் அலச வேண்டும். இலவம் பஞ்சுத் தலையணையை வெயிலில் போட்டால் ஈரம் போகும். ஆனால் பழந்தூசி அதிலேயே தங்கும். வருஷக்கணக்கான தலையணை என்றால் மனசு கேட்காவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

பிள்ளைக்கு மூச்சில் 'கொய்ங்' என்று சத்தம் வந்தால் கஷாயம் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டுக்காரருக்கும் அதே போக்கில் மூக்கடைப்புக்கு மருந்து கேட்டு வாங்கி, அன்று ராத்திரியே முகமூடியை மாட்டிவிடுங்கள். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்பார், விடாதீர்கள்.