முன்பள்ளியின் தரத்தை முற்றத்திலும் அளக்க வேண்டும்

முன்பள்ளிகளைப் பதிவு செய்யும்போதும் தரப்படுத்தும்போதும், பிள்ளைகள் நாளாந்தம் ஓடியாடும் நேரம் கட்டாய அளவுகோலாக வேண்டும் என்பது எமது அமைப்பின் நிலைப்பாடு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் குறைந்தது 180 நிமிட உடலசைவு தேவை. அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடிக் குதிப்பதாக இருக்க வேண்டும். திரை பார்க்கும் நேரமோ ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. அவுஸ்திரேலியாவில் 2012இல் நடைமுறைக்கு வந்த தேசியத் தரநியமங்களில் உடலியக்கமும் மதிப்பிடப்படுகிறது. இங்கே வடமாகாணத்தில் ஆண்டுக்கொரு விளையாட்டு விழாவோடு கடமை முடிந்ததாக எண்ணிவிடுகிறோம். அணிநடைக்காகப் பிள்ளைகளை வெயிலில் வரிசையில் நிறுத்திவைப்பது விளையாட்டாகாது. மணலில் கிண்டுவதும், டயரை உருட்டுவதும், தாழ்ந்த கிளையில் தொங்குவதும் நாள்தோறும் நடக்க வேண்டியவை.

முதலாம் தரத்துக்குப் போகுமுன் பிள்ளை எழுதப் பழக வேண்டாமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால் பென்சிலைப் பிடிக்கும் விரலுக்குத் தோளும் முழங்கையும் முதலில் உறுதிப்பட வேண்டும்; ஏறியும் தொங்கியும்தான் அவை உறுதிப்படும். பசியோடு வரும் பிள்ளையை ஓடவிடலாமா என்ற கேள்வி இதைவிடப் பாரமானது. ஓடவிடக்கூடாது; முதலில் சாப்பாடு கொடுக்க வேண்டும். அதனாலேயே காலை உணவையும் விளையாட்டு நேரத்தையும் ஒரே தரநியமத்தில் சேர்க்கக் கோருகிறோம். வன்னி வெயிலுக்கு, பத்து மணிக்கு முன் முற்றம், பின்னர் வேம்பின் நிழல் என்று நேரசூசியை மாற்றினாலே போதும். இன்னொரு தயக்கம் இந்த மண்ணுக்கே உரியது. போருக்குப் பின்னான மீள்குடியேற்றக் காலத்தில், பாதையை விட்டு இறங்காதே என்று கண்ணிவெடி விழிப்பூட்டலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். அந்த எச்சரிக்கை உயிர்களைக் காத்தது. வெடிபொருள் அகற்றப்பட்டு ஒப்படைக்கப்பட்ட காணியிலும் பிள்ளையை நான்கு சுவருக்குள் இருத்திவைக்க அதுவே காரணமாகக்கூடாது.

சனசமூக நிலையத்தின் ஓர் அறையில், சொற்பக் கொடுப்பனவு பெறும் ஆசிரியையால் நடத்தப்படும் முன்பள்ளி, புதிய விதி வந்தால் பதிவை இழந்துவிடாதா என்பதே எம்மை அதிகம் யோசிக்கவைத்த ஆட்சேபம். ஏழைக் கிராமத்தின் முன்பள்ளியை மூடும் தரநியமத்தை நாமும் எதிர்ப்போம். குறைந்த புள்ளி பெறும் முன்பள்ளிக்குத் தண்டனை வேண்டாம், உதவி வேண்டும். வேலியடைத்து, கிரவல் நிலத்தில் மணல் பரப்பிக் கொடுப்பது பிரதேச சபைக்குப் பெரிய செலவல்ல. ஆசிரியையின் கொடுப்பனவை உயர்த்தாமல் அவரிடம் கூடுதல் பொறுப்பைச் சுமத்துவதும் அநீதி.

இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தின்படி முன்பள்ளிகளை மேற்பார்வை செய்வது மாகாணத்தின் பொறுப்பு. வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, பொறுப்பு முடியவில்லை. ஆகவே, அடுத்த பதிவுப் புதுப்பித்தலிலிருந்தே காலை அமர்வில் குறைந்தது ஒரு மணித்தியால வெளி விளையாட்டைக் கட்டாயமாக்குமாறு ஆளுநரையும் மாகாணக் கல்வி அமைச்சையும் கோருகிறோம்.