மழை லீவும் மெழுகுவர்த்தியும்

டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினக் கடற்கரையில் பால் ஊற்றிப் பூத் தூவுகிறோம். பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் கையில் ஒரு மெழுகுவர்த்தியைக் கொடுத்துவிடுகிறோம். சுனாமியைப் பற்றி அவர்களுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்தது பெரும்பாலும் அவ்வளவுதான். கரையோரப் பள்ளிகளில் பாடம் நடத்தும் நாங்கள் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

2004-இல் இந்த மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 6,000-க்கும் மேல். சுமத்ரா அருகே நிலம் குலுங்கியது நம் நேரப்படி காலை 6:28-க்கு. அலை இங்கே வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அலை வருகிறது என்று அன்று எங்களுக்குத் தெரியாது. 2007-இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையமே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எந்தத் தெரு வழியாக ஓட வேண்டும் என்று தெரியவில்லை என்றால் அது எங்கள் குற்றம்.

போன வருடம் வகுப்பில் கேட்டேன்: "கடல் திடீர்னு உள்வாங்கிடுச்சு. என்ன பண்ணுவீங்க?" முன்வரிசைப் பையன் சட்டென்று எழுந்தான். "மீன் பொறுக்குவோம் டீச்சர்." எனக்குக் கை நடுங்கிவிட்டது.

புயல் என்றால் பிள்ளைகளுக்கு மழை லீவு, எங்களுக்கும் அப்படியே. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பள்ளி திறந்ததும் விட்டுப்போன பாடங்களை ஓட்டி முடித்தோம். அந்த இரவைப் பற்றிப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாம் எண் புயல் கூண்டு என்றால் என்ன என்று அவர்கள் கேட்டால் எங்களில் பலருக்கு விடை தெரியாது. ஒத்திகை வைக்காமல் இல்லை. உயரவாரியாக வரிசையில் நிறுத்திப் போட்டோ எடுத்து அனுப்பினோம். பள்ளியின் பின்வாசல் அன்றும் பூட்டியே இருந்தது.

இந்தோனேசியாவின் சிமெலுவே தீவு 1907-இல் பேரலையைக் கண்டது. நிலம் பலமாக நடுங்கிக் கடல் வற்றினால் மேட்டுக்கு ஓடு என்பதை 'ஸ்மோங்' என்ற ஒரே சொல்லில் வைத்து, தாலாட்டிலும் கதையிலும் அந்தத் தீவு மக்கள் பிள்ளைகளுக்கு ஊட்டினார்கள். 2004-இல் நிலம் குலுங்கிய சில நிமிடங்களில் அங்கே அலை வந்தது. ஏறத்தாழ 78,000 பேரில் இறந்தவர்கள் 7 பேர். எங்கள் ஊரிலும் அலையில் தப்பிய ஆயாக்கள் இருக்கிறார்கள். ஒருவரைக்கூட வகுப்புக்கு அழைத்து உட்காரவைத்ததில்லை. பிள்ளைகள் பயந்துவிடும் என்றோம். அந்தப் பேச்சைக் கேட்க எங்களுக்குத்தான் தெம்பில்லை.

இன்று தொடக்கப் பள்ளியில் இருக்கும் ஒரு பிள்ளையும் 2004-ஐப் பார்த்ததில்லை. டீச்சர்மார்களே, பின்வாசல் சாவியை நாளைக்கே வாங்கி வையுங்கள். புயல் பாதுகாப்பு மையம் வரை பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்று அவர்களையே கணக்கெடுக்கச் சொல்லுங்கள்.